இலவச மருந்துக்கு மதிப்பில்லை என்றவர்கள்

கனடாவில், ஸ்காபரோவில், வைத்தியருக்காகக் காத்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. வந்த புதிதில், 2000 ஐப்பசியில், எனக்கு இது தெரியாது. பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரரிடம், அதுதான் பண்பு என்று நினைத்து, “உங்களுக்கு என்ன வருத்தம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சஞ்சிகையையும் எடுத்துக்கொண்டு இரண்டு கதிரை தள்ளிப் போய் இருந்தார். “ஏன் எழும்பிப் போறார், தொத்து வருத்தமோ?” என்றாள் என் மனைவி புஷ்பம்.

வன்னியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான் அவமரியாதை. தொண்ணூற்றாறு புரட்டாதியில் யுத்தத்துக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடியபின், மூன்று வருடம் நாங்கள் மருந்தெடுத்தது ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில். காலையில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா வாசலுக்கு வந்து அன்றைக்கு என்ன இருக்கிறது என்று உரத்துச் சொல்வார். மலேரியாக் குளிசை இவ்வளவு, பிறஷர்க் குளிசை இவ்வளவு, சேலைன் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அதன்பிறகு வரிசை தானே விசாரிக்கத் தொடங்கும். உனக்கு என்ன, எத்தனை நாளாய், வீட்டில் வேறு ஆருக்கு? பத்து நிமிடத்தில் வரிசை குலைந்து, வருத்தம் கூடியவர் முன்னுக்கும் குறைந்தவர் பின்னுக்குமாக மறுபடி கூடும். எல்லோரும் தேவர்கள் என்று சொல்லவில்லை. இருமலைக் கூட்டிக் காட்டியவர்களையும் என் நாட்குறிப்பில் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் முரசுமோட்டைக் கமக்காரர் ஒருவர் நடுங்கிக்கொண்டே பின்னுக்குப் போனதையும் எழுதியிருக்கிறேன். “உந்தப் பிள்ளைத்தாச்சியை முன்னுக்கு விடுங்கோ. எனக்கு மலேரியா பெண்சாதி மாதிரி. வராட்டித்தான் யோசனை” என்றார். அவர் புஷ்பத்தின் தமையன் நடராசா. அவருக்கும் புஷ்பத்துக்கும் தாய்வழியில் வந்த சொத்து உயர் இரத்த அழுத்தம் ஒன்றுதான்.

இனி இந்த நாட்டுக்கு வருகிறேன். 2001 தொடக்கத்திலிருந்து இங்கே ஒரே கதை, தேசிய வைத்திய சேவையைச் சீர்திருத்த எவ்வளவு செலவாகும் என்பது. நூலகத்துக்கு வரும் மூன்று பத்திரிகைகளிலும் அதுதான். தேதியிட்டுக் குறிப்பெடுத்ததில் ஒரு கொப்பி நிறைந்துவிட்டது. ஒருவர் சேவை கடனில் மூழ்கப்போகிறது என்கிறார். மற்றவர் தனியாருக்குக் கொடுங்கள் என்கிறார். மூன்றாமவர் இருவரையும் திட்டிவிட்டு ஆணைக்குழு வேண்டும் என்கிறார். இவர்களில் ஒருவராவது கடைசியாக எப்போது ஒரு குளிசைக்காகக் காத்து நின்றார் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை எங்கள் வட்டார நூலகத்தின் கீழ் மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்டார்கள். நானும் போனேன். நல்ல கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு நிபுணர், சுவரில் விழுந்த வரைபடத்தைக் கோலால் தட்டித் தட்டி விளக்கினார். இலவசமாகக் கிடைப்பதற்கு, அகதிகளுக்குக் கொடுக்கும் குளிசை உட்பட, மக்களிடம் மதிப்பில்லை, வீணாக்குகிறார்கள், வைத்தியரைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு கட்டணம் வைத்தால் தேவையில்லாதவர்கள் வரமாட்டார்கள் என்றார். சபை தலையாட்டியது. சுகதேகிகள் கூடி நோயாளிகளுக்குச் சிக்கனம் படிப்பிக்கும்போது வரும் தலையாட்டல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான்.

நான் எழும்பினேன். என் ஆங்கிலம் கந்தோரில் கடிதம் எழுதிப் பழகிய ஆங்கிலம். நின்றுகொண்டு பேச அது அவ்வளவாக உதவாது. எங்கள் நாட்டிலும் ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் நான் இருந்த பகுதிக்குள் அரசாங்கம் மருந்தை விடவில்லை, இல்லாத மருந்தை எப்படி வீணாக்குவது என்று கேட்டேன். கொட்டிலில் வரிசை தன்னைத் தானே ஒழுங்குபடுத்திய விதத்தையும் சொன்னேன். இதைக் கேட்டு வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தது என் மடைத்தனம். நிபுணரின் முகம் மலர்ந்தது. “அற்புதம்! அப்படியென்றால், தட்டுப்பாடு இருந்தால் மக்கள் பொறுப்பாக நடப்பார்கள் என்கிறீர்கள்?” என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுக்குமுன், பக்கத்தில் நின்ற பெண் பெரிய கடதாசியில் பச்சை மையால் ‘சமூகப் பொறுப்பு’ என்று எழுதி அடிக்கோடும் இழுத்துவிட்டாள். எங்கள் மூன்று வருட நடுக்கம் அவர்களுடைய சிக்கனத் திட்டத்துக்கு ஒரு யோசனையாகப் போய்ச் சேர்ந்தது.

கோப்பி குடிக்கும் இடத்தில் எங்கள் ஆள் ஒருவர் என்னைப் பிடித்தார். வீடு வாங்கி விற்பிக்கும் முகவர். கழுத்துப்பட்டியில் தங்க ஊசி.

“அண்ணை, ஏன் உந்தப் பழங்கதையெல்லாம்? வெள்ளை சொல்றது சரிதானே. எங்கட சனம் தும்மினாலும் டொக்டரிட்ட ஓடுது. பத்து டொலரை வையுங்கோ, பாதித் தும்மல் நிண்டிடும்.”

“நீர் எங்க பிறந்தனீர்?”

“கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரியில.”

“உம்மடை கொப்பர் எவ்வளவு குடுத்தவர்?”

அவர் சிரித்துக்கொண்டே தன் அட்டையை என் சட்டைப் பையில் செருகினார். “அது வேற கதை அண்ணை. வீடு வாங்கிற எண்ணம் வந்தா அடியுங்கோ.”

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் புஷ்பத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “நாங்கள் இலவச மருந்தை வீணாக்கிறமாம்! அகதிகளுக்குக் குளிசையும் சும்மா குடுக்கிறதுதான் பிழையாம்!” வழக்கமாக என்னோடு சேர்ந்து திட்டுகிறவள், அன்றைக்குக் குசினி மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“வேற ஆளுக்குக் குடுத்தா அது வீணாக்கிறதே?”

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பால்மா ரின்னை இறக்கி மூடியைத் திறந்தாள். உள்ளே அவளுடைய பிறஷர்க் குளிசைகள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மாசி மாதம் முழுவதும் அவளுடைய அழுத்தம் இறங்கவில்லை. எங்கள் வைத்தியர், ஒரு சீனப் பெண்பிள்ளை, குழம்பிப்போய் இரண்டு தடவை மருந்தின் அளவைக் கூட்டினார். “ஒவ்வொரு நாளும் எடுக்கிறாரா?” என்று என்னிடம்தான் கேட்டார். நான் பெருமையோடு நாட்குறிப்பை நீட்டினேன். ‘காலை 7 மணி. புஷ்பம் குளிசை எடுத்தாள்.’ ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதியிருந்தேன். நான் குனிந்து எழுதும் நேரத்தில்தான் அவள் வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணீர் குடித்திருக்கிறாள். குளிசை மற்றக் கைக்குள் இருந்திருக்கிறது. வரைபடம் காட்டிய நிபுணரை எவ்வளவு இகழ்ந்தேனோ, அதே அளவு இகழ்ச்சிக்கு என் தேதிகளும் உரியவை. இரண்டுமே ஒழுங்கானவை, இரண்டுமே பொய்.

“ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அண்ணனுக்கு. கொழும்புக்குப் போறவையிட்டை ரெண்டு தரம் குடுத்துவிட்டனான். வவுனியாவாலை கொஞ்சம் கொஞ்சமா வன்னிக்குள்ளை போய்ச் சேர்ந்திட்டுதாம்” என்றாள்.

“விசரே உனக்கு? நரம்பு வெடிச்சு விழுந்தால்?”

“நான் விழுந்தா நீங்கள் மூண்டு நம்பரை அமத்த அம்புலன்ஸ் வரும். அவர் விழுந்தா ஆர் வருவினம்? நீங்களே சொல்லுங்கோ, ஆருக்கு வருத்தம் கூட?”

பள்ளிக்கூடக் கொட்டிலில் இந்தக் கணிப்புக்கு எதிர்ப்பேச்சே இருந்திராது. மண்டபத்தில் அவளை நிறுத்தியிருந்தால் பச்சை மைக்காரி இன்னொரு கடதாசி எடுத்திருப்பாள். கம்பளிக் கோட்டுக்காரரோ வீணாக்குபவர்களுக்கு இவளையே உதாரணம் காட்டியிருப்பார். நான் அவளை மெச்சவும் முடியாமல் ஏசவும் முடியாமல் விடியும்வரை விழித்திருந்தேன். வைத்தியரிடம் சொன்னால் நடராசாவுக்கு மருந்து நிற்கும். சொல்லாவிட்டால் புஷ்பம் விழுவாள்.

அடுத்த செவ்வாய் வைத்தியரிடம் போனோம். கையில் பட்டியைக் கட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்து, அதே கேள்வியைக் கேட்டார். “ஒண்டும் தவறேல்லை எண்டு சொல்லுங்கோ” என்றாள் புஷ்பம். அவளுக்காக மொழிபெயர்க்கும் வேலை என்னுடையது. நான் உண்மையைச் சொன்னேன். வைத்தியர் கோபிக்கவில்லை. அளவைப் பழையபடி குறைத்து எழுதினார். இனிக் கிழமைக்கு ஏழு குளிசைதான் ஒருமிக்கத் தருவார்கள், அவள் விழுங்கும்வரை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார். அந்த ரின்னில் மிச்சம் இருந்ததை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது சித்திரையில் ஒருவரோடு கொழும்புக்குப் போயிற்று.

பஸ்ஸில் புஷ்பம் என்னோடு இருக்கவில்லை. முன்னுக்கு, சாரதிக்குப் பின்னால் போய் இருந்தாள். இறங்கி நடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “அண்ணனைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டியள்.”

இப்போது ஒவ்வொரு காலையும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறாள். விழுங்கியதும் வாயைத் திறந்தும் காட்டுகிறாள். அது கீழ்ப்படிவு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

சென்ற சனிக்கிழமை மருந்துக் கடைக்குப் போனோம். அங்கே கதிரையோடு பூட்டிய அழுத்தம் பார்க்கும் மெசின் ஒன்று இருக்கிறது. கையை உள்ளே விட்டால் தானே இறுக்கிப் பிடித்துவிட்டு இலக்கத்தைக் காட்டும். புஷ்பம் கையை விட்டாள். இந்த வருடத்திலேயே ஆகக் குறைந்த இலக்கம். கடைப் பெண் எட்டிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தி, “எக்ஸலன்ட்!” என்றாள். புஷ்பம் அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணனுக்கு இப்ப எவ்வளவு இருக்கும்?”

காற்றெல்லாம் இறங்கிப் பட்டி தளர்ந்துவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை.