வெறும் வயிற்றுப் படம்

என் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். அந்தப் பாடம் அதற்கு மேல்தான் வருமாம். எனக்குச் சொல்லித் தந்தவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. கரும்பலகையில் எழுதி அல்ல, என் வயிற்றின் மேலேயே எழுதி.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் பருத்திக் காடுகளுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா காட்டு வேலையும் பார்ப்பார், கப்பலூரில் ஒரு சின்னப் பட்டறைக்கும் போவார். அத்தை தினமும் பஸ் ஏறி மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போய் வந்தாள். எந்தச் சாப்பாட்டில் என்ன சத்து இருக்கிறது, யாருக்கு எது தேவை என்பதைப் பற்றிய படிப்பு அது. "திங்கிறதுக்கு எதுக்குத்தா காலேசு? ஒலை கொதிச்சாப் போதாதா?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை.

கேலி பேசியவர்களால் அத்தைக்குத் தொல்லை இல்லை. அவளுடைய தொல்லை வேறு. சாப்பாட்டைப் படிப்பதற்கு முன்னால் அதைச் சாப்பிடுகிற உடம்பைப் படிக்க வேண்டுமாம். அதற்கு எழுத்துப் பரீட்சை ஒன்று, வாய்ப் பரீட்சை ஒன்று. எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். வாயைத் திறக்கச் சொன்னால்தான் அவளால் முடியாது. கடைக்காரர் பருப்புக்குப் பதிலாகப் புளியைக் கட்டிக் கொடுத்துவிட்டாலும் திருப்பிக் கேட்கக் கூசி, அன்றைக்குப் புளிக்குழம்பாக வைத்துவிடுகிற குடும்பம் எங்களுடையது. அத்தை அதிலும் ஒரு படி மேல். முதல் தடவை வாய்ப் பரீட்சையில், கேள்வி கேட்ட டீச்சரம்மாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்திருந்தாள்.

அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னதைச் செய்கிறவர். "இந்த வாட்டியும் ஊமையா நின்னுட்டு வந்தேன்னு வையி, கப்பலூர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன். அம்புட்டுத்தான்" என்றார். மாப்பிள்ளை நல்ல மாதிரிதான் என்று அம்மாவே சொன்னாள். ஆனால் அத்தை அன்றைக்கு ராத்திரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் வெகுநேரம் தொழுவத்திலேயே நின்றாள். படிப்பை விடுவது என்றால் அவளுக்கு எப்படி இருந்தது என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

இரண்டாவது பரீட்சைக்கு ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளையின் உடம்பின் மேலேயே வரைந்திருக்க வேண்டும். பரீட்சை வைக்க வருகிற டீச்சரம்மா அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான்தான்.

"மருமகனே, சட்டையக் கழட்டுங்க" என்று அத்தை மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். அண்ணன் பிள்ளையை அப்படிக் கூப்பிடுவது அவள் வழக்கம். ஒரு வாரம் சாயங்காலம் தோறும் என் வயிற்றில் ஸ்கெட்ச் பேனா ஓடியது. வலப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே காவி நிறத்தில் கல்லீரல். இடப்பக்கம் சிவப்பில் இரைப்பை. தொப்புளைச் சுற்றி மஞ்சளில் சுருண்டு கிடந்தது சிறுகுடல். அதைச் சுற்றி நிலைப்படி மாதிரி நீல நிறத்தில் பெருங்குடல். நிலைப்படி வரைகிறபோது மட்டும் எனக்குக் கூச்சம் தாங்காது, துள்ளிவிடுவேன்.

"டேய், ஆடாத. பெருங்குடல் முதுகுக்குப் போயிருச்சு பாரு."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் கழுவுகிற அம்மாவுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். "ஈரல் இம்புட்டுப் பெருசா இருக்குமா? நம்ம கறிக்கடைக்காரரு கிள்ளிக் கிள்ளியில்ல குடுக்காரு" என்று வந்து பார்ப்பாள். அப்பா வாசலில் நின்றபடியே, "என்ன புள்ள, பயல ரோட்டு மேப்பு மாதிரி ஆக்கிப்புட்ட. இதுல திருமங்கலம் எங்கிட்டு இருக்கு?" என்பார். என் சிறுகுடலைப் பிரித்து நீட்டினால் வாசலில் இருந்து தொழுவம் வரைக்கும் வரும் என்று அத்தை சொன்னதைக் கேட்ட பிறகு, இரண்டு நாள் நான் ஓடி விளையாடவில்லை. உள்ளே சிக்கு விழுந்துவிடுமோ என்று பயம்.

பரீட்சைக்கு முந்தின நாள் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, வயிற்றில் இருந்த படத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். இரைப்பை இழுபட்டு, சிறுகுடல் அகன்று, எல்லாம் ஒரு பக்கமாக உப்பிக் கிடந்தது. அத்தையிடம் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, "சாப்பிட்டா இரைப்பை பெருசாகும்டா. இது வெறும் வயித்துக்கு வரைஞ்ச படம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குப் போய்விட்டாள்.

அவள் சும்மா சொன்னாள். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் குளிக்கவைத்து, புதிதாகப் படம் வரைந்து, உரசாமல் இருக்க அப்பாவின் பெரிய சட்டையைப் போட்டுவிட்டார்கள். அம்மா மூன்று இட்லி வைத்துக் கொடுத்தாள். தட்டோடு தொழுவத்துப் பக்கம் போனேன். கன்றுக்குட்டிக்கு இரண்டு, அதோடு நின்ற கோழிக்கு ஒன்று. வெறும் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். "சாப்பிட்டியாடா?" என்றாள் அம்மா. "சாப்பிட்டேன்" என்றேன். அத்தையின் படிப்பைக் காப்பாற்றிவிட்ட பெருமிதம் எனக்கு.

பஸ்ஸில் வேர்வை படத்தை அழித்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே வந்தேன். கண்டக்டர், "என்னா மாப்ள, போலீசு பிடிச்ச மாதிரி வார?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

கல்லூரியில் ஒரு நீளமான அறை. என்னைப் போலப் பல பிள்ளைகள் சட்டையில்லாமல் பெஞ்சுகளின் மேல் நின்றார்கள். ஒருவன் வயிற்றைத் தடவிய கையாலேயே கண்ணீரைத் துடைத்ததில் அவன் கல்லீரல் கன்னத்துக்கு ஏறியிருந்தது. பரீட்சை வைக்க வந்தவர் நரைத்த தலையும் பெரிய கண்ணாடியுமாக இருந்தார். எங்கள் முறை வந்தது. என் படத்தைப் பார்த்து, "சுத்தமா வரைஞ்சிருக்கியே" என்றார். பிறகு, "கல்லீரலோட வேலை என்னம்மா?" என்று கேட்டார்.

 அத்தையின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி அந்த அம்மாவின் செருப்பில் போய் நின்றது. இந்தத் தடவையும் அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் எனக்கே நூறு தடவை சொன்ன பதில் அது. நான் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நானும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானே, எனக்கும் வாய் வரவில்லை.

அந்த அம்மா நல்லவர். காத்திருந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காலைல என்ன சாப்பிட்ட?"

"இட்லி."

"எத்தனை?"

"மூணு."

"தொட்டுக்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "சட்னியும் சாம்பாரும்" என்றேன். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே நாளில் வைத்ததே இல்லை.

அவர் அத்தையைப் பார்த்தார். "நீ பேச வேண்டாம்மா. அந்த இட்லி இப்ப எங்க இருக்கும்னு தொட்டு மட்டும் காட்டு."

அத்தையின் விரல் என் இடப்பக்கம் வந்தது. சிவப்புக் கோட்டை அது தொட்ட அதே நேரத்தில் என் வயிறு கத்தியது. சின்னச் சத்தம் இல்லை. பழைய நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். அடுத்த பெஞ்சில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அத்தை நிமிர்ந்தாள். விரலை எடுத்துவிட்டு உள்ளங்கையை என் வயிற்றில் வைத்தாள். வயிறு மறுபடி கத்தியது.

"மேடம்" என்றாள். அவள் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன். "இவன் இட்லி சாப்பிடல மேடம். பொய் சொல்றான்."

"எதை வச்சுச் சொல்ற?"

"உள்ள சாப்பாடு இருந்தா சத்தத்த அமுக்கிரும் மேடம். இது காலியாக் கிடக்கு. ராத்திரிச் சோறு எப்பவோ இரைப்பையத் தாண்டிப் போயிருச்சு. இப்ப இரைப்பையும் சிறுகுடலும் சுருங்கிச் சுருங்கி மிச்சம் மீதியத் தள்ளுதுக. உள்ள காத்தும் தண்ணியும் மட்டுந்தான் உருளுது. அதான் இம்புட்டுச் சத்தம்."

"அப்ப சாப்பிடாமலே எப்படி இவ்வளவு நேரம் நிக்கிறான்?"

"அது கல்லீரல் மேடம்!" அத்தை கிட்டத்தட்டக் கத்தினாள். "நேத்துச் சாப்பிட்டதுல இருந்து சேத்து வச்ச சர்க்கரைய அது கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துல விட்டுக்கிட்டு இருக்கு. அதுலதான் இந்தக் கிறுக்குப்பய நிக்கிறான்."

அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பித்தநீர், கணையம் என்று என் வயிறு முழுக்க அவள் விரல் ஓடியது. நிலைப்படி மேல் ஓடியபோதுகூட நான் ஆடவில்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போதும்மா, போதும். நீ பாஸ். மொதல்ல அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் குடு" என்றார்.

கல்லூரி கேண்டீனில் பொங்கலும் வடையும் வாங்கி வைத்து, நான் தின்பதையே அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். சொன்னேன். கன்றுக்குட்டி, கோழி எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அது சரி மருமகனே, மொகம் மாறாமச் சாப்பிட்டேன்னு சொல்ல எங்கிட்டுப் படிச்சீக?"

"யாரும் சொல்லித் தரல. அம்மாவும் அப்படித்தான சொல்லும்" என்றேன், வடையைப் பிய்த்துக்கொண்டே.

அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊர் வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பாஸான ஒருத்தி எதற்காக இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, மாப்பிள்ளை வீட்டுக்குப் பொறுத்துச் சொல்லுவோம்" என்று மட்டும் சொன்னார். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். எப்போதும் முதலில் அப்பாவும் நானும், அடுத்து அத்தை, எல்லோரும் எழுந்த பிறகு பானையில் இருப்பதை வைத்து அம்மா. அன்றைக்கு அத்தை உட்காரவில்லை.

"மதினி, நீங்களும் வாங்க. சேந்து சாப்பிடுவோம்."

"நீ சாப்பிடுத்தா. நான் அப்பவே சாப்பிட்டேன்."

அத்தை அம்மாவுக்கு முன்னால் முழங்காலிட்டு, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் காதை வைத்தாள். "அய்யே, விடு புள்ள, கூசுது. ஒங்க அண்ணன் பாக்காரு" என்று அம்மா நெளிந்தாள்.

"சும்மா இருங்க மதினி" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் காதை எடுக்காமலே இருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, "அண்ணே, மதினி சாப்பிடல" என்றாள்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். எழுந்துபோய் அலமாரியில் இருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார். அவர் தட்டு எடுத்து நான் பார்த்ததே இல்லை. தனக்குத்தான் இன்னொரு தட்டு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதை அவர் தனக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா உட்கார்ந்தாள். தலை நிமிராமல், புது இடத்தில் விருந்துக்கு வந்தவள் மாதிரி சாப்பிட்டாள். அத்தைதான் மறுபடி மறுபடி வைத்தாள். அப்பா தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பரீட்சையில் பாஸானதற்கு இப்படியா கொண்டாடுவார்கள் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

சாப்பாடு முடிந்து அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் அவள் மடியில் படுத்தேன். தினமும் அப்படிப் படுத்து அவள் வயிற்றில் காதை வைத்துக்கொள்வேன். உள்ளே ஒரு சத்தம் உருண்டுகொண்டே இருக்கும், தூரத்தில் மாட்டுவண்டி போகிற மாதிரி. எல்லா அம்மாக்களின் வயிற்றிலும் அப்படி ஒரு சத்தம் உண்டு என்று நினைத்திருந்தேன். அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அன்றைக்குக் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அழுத்தி வைத்துப் பார்த்தேன். இல்லை.

"அத்தை, அம்மா வயித்துல சத்தமே வரல" என்று பயந்துபோய்க் கத்தினேன். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள். அப்பா வெளியே எழுந்து போனார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நான் அழுதேன். எனக்கு அந்தச் சத்தம் திரும்ப வந்தால் போதும் என்றிருந்தது.