சாம்பிள் பிஸ்டன்

பாண்டித்துரையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வேல்குமாரைத் திட்டத்தான் வாய் வருகிறது. திட்டாமல் சொல்லப் பார்க்கிறேன். முடியாது என்று எனக்கே தெரியும்.

நெருப்பெரிச்சலில் எனக்கு ஒரு பட்டறை. இஞ்சின் போர் போடுவது, கிராங்க் கிரைண்டிங், லேத் வேலை எல்லாம் உண்டு. என் பெயர் சென்னிமலை. எங்கள் அப்பா வரைக்கும் தறி நெய்த குடும்பம், நான் மட்டும் நூலை விட்டு இரும்புக்கு வந்தவன். "உங்க வாய்க்கு ஒரு கவர்னர் போடோணும்" என்று, இஞ்சின் வேகத்தை அடக்கும் சாமானைச் சொல்லி, என் மனைவி சுப்புலட்சுமி கேலி செய்வாள். போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை.

பாண்டித்துரை சாத்தூர்ப் பக்கத்துக்காரன். மழையை நம்பிப் பிழைக்க முடியாது என்று கல்யாணமான கையோடு கருத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தவன். வேல்குமாரின் பனியன் கம்பெனியில் அவள் செக்கிங்கில் உட்கார்ந்தாள், இவன் அதே கம்பெனி டெம்போவில் ஏறினான். நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி, அங்கிருந்து துணியை அமுக்கிப் பதப்படுத்தும் காம்பேக்டிங், அங்கிருந்து கம்பெனி. திருப்பூர் ரோட்டில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பாதிப் பேர் இடுப்பு வலிக்காரர்கள், மீதிப் பேர் குடிகாரர்கள். இவன் இரண்டும் இல்லை. இவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் இஞ்சின் சத்தம். ரேடியோ கூடப் போட மாட்டான். "பாட்டு போட்டா வண்டி பேசுறது கேக்காதுண்ணாச்சி" என்பான். எத்தனையோ தடவை அவன் வந்து பேரிங் போகுது என்று சொல்வான், நான் சிரிப்பேன், பிரித்தால் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூர் ரேஸுக்குப் பஸ் ஏறிவிடுவான். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் முதலில். பிறகு வண்டி தள்ள, டயர் உருட்ட என்று உள்ளே புகுந்தான். ஒருநாள் யாரோ டிரைவர் வராமல் போக, இவனை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு இவன் ஓட்டியதைத் தங்கவேலு பார்த்துவிட்டார். கோயமுத்தூரில் சொந்தமாக ரேஸ் டீம் வைத்திருக்கிறவர், கறார் பேர்வழி. "ஒரு நல்ல வண்டியில ஃபைனலை விடாம ஓட்டி முடிச்சுக் காட்டு. அடுத்த சீசனுக்கு நம்ம டீம்ல உன்னைச் சேர்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சம்பளத்துக்கு ரேஸ் டிரைவர். அந்தச் செய்தியோடு என் பட்டறைக்கு வந்தவன் உட்காரவே இல்லை, நின்றபடியே திரும்பத் திரும்பச் சொன்னான். கருத்தம்மா மட்டும், "நல்ல வண்டிக்கு எங்க போவீக?" என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி.

வேல்குமார் போனான் அந்த நல்ல வண்டிக்கு.

இந்த வேல்குமாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் அண்ணா, கண்ணு, சாமி. அந்தத் தேன் வாயைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். தொழிலில் அவனுடைய சாமர்த்தியம் ஒன்றே ஒன்று: சாம்பிள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் சாம்பிள் பனியனை உயர்ந்த நூலில், இருக்கிறதிலேயே நல்ல டெய்லரை வைத்துத் தைப்பான். பையர் தடவிப் பார்த்து ஓகே சொல்வான். ஆர்டர் கைக்கு வந்ததும் மொத்தச் சரக்கும் மட்ட நூலில் போகும். கேட்டால், "சாம்பிள் காட்டறதுக்குங்ணா, பல்க் அனுப்பறதுக்கு" என்பான். திருப்பூரில் நாணயமாக நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இப்படி ஒருத்தன் போதும், ஊர்ப் பெயர் நாற.

இரண்டாயிரத்து ஏழு, டாலர் சரிந்துகொண்டே போன வருஷம். எக்ஸ்போர்ட்காரர்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, இவனுக்கு ரேஸ் கார் ஆசை வந்தது. கூட்டாளி ஒருத்தன் வைத்திருக்கிறானாம், இவனுக்கும் வேண்டுமாம். பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, பாண்டித்துரையை ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான்.

"டர்போ போடோணுமுங்ணா. ஸ்ட்ரோக்கும் ஏத்தோணும். நம்ம பாண்டிதான் ஓட்டறான்."

ஸ்ட்ரோக் ஏற்றுவது என்றால், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தைக் கூட்டுவது. பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க்கின் கையைக் கொஞ்சம் தள்ளி அரைத்தால் தூரம் கூடும், இஞ்சின் கூடுதல் காற்றை இழுக்கும். அதற்கு மேல் டர்போ வேறு காற்றைத் திணிக்கும். சூடும் அழுத்தமும் எக்கச்சக்கம். அதனால் உள்ளே போகிற சாமான் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். கார் கம்பெனி போட்ட பிஸ்டன் பொருந்தவும் செய்யாது, தாங்கவும் செய்யாது. அலுமினியத்தை அமுக்கி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேண்டும். அச்சில் ஊற்றியது ஆகாது. ஊற்றியது அச்சுவெல்லம் மாதிரி, பார்க்கக் கெட்டி, ஒரு தட்டு தட்டினால் விள்ளும்.

இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். வேல்குமார் தலையாட்டினான். கிராங்க்கை நானே அரைத்தேன். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் ஃபோர்ஜ்டு கனெக்டிங் ராடு வந்தது, நல்ல சரக்கு. பேரிங்கும் நல்லது. பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங் சூட்டில் நீளும், அதனால் அதன் வாயில் கொஞ்சம் அதிகம் இடைவெளி விட வேண்டும் என்று சொன்னபோது பாண்டித்துரை இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை வாங்கித் தானே வைத்து வைத்துப் பார்த்தான். டெம்போ லோடு இறக்கிய கையோடு ஓடி வந்துவிடுவான். எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. சரி, காசு இருக்கிறவனுக்கு ஒருவழியாகப் புத்தியும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் பிஸ்டன் வந்தது.

நாலையும் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி எடுத்துவந்து என் பெஞ்சில் வரிசையாக வைத்தான் வேல்குமார். நாலும் ஒரே பளபளப்பு. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு.

"இதுல எது ஒரிஜினல்னு சொல்லுங்ணா பார்க்கலாம்."

எனக்குப் புரியவில்லை. "ஒரிஜினல்னா?"

"வெளிநாட்டுல இருந்து ஒண்ணே ஒண்ணு வரவழைச்சனுங்க, சாம்பிளுக்கு. அதை வெச்சு மூணு நம்ம பக்கமே ஒரு பவுண்டரில ஊத்தி வாங்கீட்டேன். எடை, அளவு, எல்லாம் அச்சு அசல். எந்த பையர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

நான் நாலையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றின் உள்பக்கம் வழுவழு. மற்ற மூன்றிலும் பொரிப் பொரியாக ஊற்றிய தழும்பு. கையிலிருந்ததைத் தள்ளி வைத்தேன், சோற்றில் மண்ணைப் பார்த்த மாதிரி.

"ஏப்பா, இது பனியனா? பனியன் கிழிஞ்சா வயிறு தெரியும். இது கிழிஞ்சா ஓட்டறவன் உசுரு போகும்."

"டாலர் விழுந்து வரவு குறைஞ்சு கெடக்கறப்ப நாலும் வரவழைக்க முடியுமுங்களா?"

"கிராங்க்குக்குச் செலவு பண்ணின, ராடுக்குப் பண்ணின, டர்போவுக்குப் பண்ணின. இதுல வந்து மிச்சம் புடிக்கறயா? விளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சம் கட்டறதுக்கு என்னையக் கூப்பிடாத. நான் மாட்டித் தர மாட்டேன்."

அவன் கோபப்படவே இல்லை. "கோவிச்சுக்காதீங்ணா, நீங்க பெரியவங்க" என்று சொல்லி, நாலையும் மறுபடி பனியன் வேஸ்டில் சுற்றினான். இஞ்சினையும் ஏற்றிக்கொண்டு போய் வேறு எங்கேயோ மாட்டிக்கொண்டான். எதிர்த்துக் கத்தியிருந்தால்கூட அவன் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

அன்றைக்கே பாண்டித்துரையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"தெரியும்ணாச்சி. பவுண்டரில இருந்து டெம்போல எடுத்துட்டு வந்ததே நாந்தான்."

"தெரிஞ்சுமா ஏறப் போற?"

"ஏறலைன்னா வேற வண்டி யாரு தாரா? காதை வச்சு ஓட்டிக்கிருதேன். சத்தம் மாறுச்சுன்னா காலை எடுத்துருவேன். ஃபைனல் மட்டும் முடிச்சுட்டா போதும்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வேறு வண்டி யாரும் தரப் போவதில்லை.

ரேஸ் அன்றைக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டு இரண்டு வண்டியாக நிறுத்தி, நேர்ரோட்டில் கால் மைல் விடும் ரேஸ். பாண்டித்துரை முட்டையைக் கையில் வைத்திருக்கிறவன் மாதிரி ஓட்டினான். ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் ஒரு மிதி மிதிக்கவில்லை. அப்படியே ஒவ்வொருத்தராகக் கழித்து ஃபைனலுக்கு வந்துவிட்டான். தங்கவேலு வேலியோரம் வந்து நின்றார்.

ஃபைனலுக்கு முன்னால் வேல்குமார் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தான். டர்போ அழுத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பிவிட்டு, மூடிய பிறகு சொன்னான்: "கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கறேன் கண்ணு. நம்ம கம்பெனி பேரு நிக்கோணும்." பாண்டித்துரை அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வண்டியைக் கோட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாதி தூரம் வரைக்கும் இவன்தான் முன்னால். பக்கத்து வண்டி ஒரு வண்டி நீளம் பின்னால். என் வாயில் முருகா என்று வந்தேவிட்டது. அப்போது எஸ்டீமின் வேகம் சட்டென்று தளர்ந்தது. பின்னால் மெல்லிசாக நீலப் புகை. பக்கத்து வண்டி தாண்டிப் போயிற்று. இவன் வண்டி உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டி நின்றது.

தங்கவேலு உதட்டைப் பிதுக்கினார். "முன்னாடி போறவன் காலை எடுக்கறான். நெஞ்சுல பயம் இருக்கறவன் நமக்கு ஆகாதுங்க."

"பயமில்லீங்க, இஞ்சின்ல சத்தம் மாறியிருக்கோணும்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. வாயில சொல்ற காரணத்தை நான் எடுத்துக்கறதில்லீங்க. பிரிச்சு, உடைஞ்ச சாமானைக் கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. அப்பப் பேசிக்கலாம்."

பக்கத்தில்தான் வேல்குமார் நின்றிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பையன் கொஞ்சம் பயந்துட்டானுங்க, புதுசல்ல" என்றான். அதே தேன் வாய். நான் காறித் துப்பிவிட்டு நகர்ந்தேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றுதான் துப்பினேன்.

இஞ்சினை மாட்டிக்கொடுத்தவர்கள் பிரித்துத் தர மாட்டோம் என்று கைவிரிக்க, வேல்குமார் மறுபடி என்னிடமே கொண்டுவந்தான். பாண்டித்துரைக்காகத்தான் வாங்கினேன். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டே பிரித்தேன். ஊற்றிய பிஸ்டன் மூன்றிலும் ரிங் உட்காரும் மேட்டோரம் விரிசல். ஒன்றில் நகம் நுழையும் அளவு. இன்னும் கொஞ்சம் மிதித்திருந்தால் சிதறி, ராடு பிளாக்கைப் பிளந்து, எண்ணெய் கொதிக்கிற டர்போ மேல் கொட்டியிருக்கும். வண்டி தீயில் போயிருக்கும், உள்ளே இருந்தவனும்தான். சாம்பிள் பிஸ்டன் மட்டும் கல்லுக்குண்டாக இருந்தது.

பாண்டித்துரை விரிசல் விட்ட பிஸ்டனைக் கையில் எடுத்தான். விரிசலை விரலால் தடவினான். ரேஸுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன்.

"முதலாளி, இதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிருதேன். தங்கவேலு சார்ட்டக் காட்டிட்டு வந்துருதேன்."

வேல்குமார் அதை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"மூணுக்கும் பவுண்டரிக்காரனுக்கு டெபிட் போட்டுப் பணத்தைக் கழிக்கோணும் கண்ணு. ஒண்ணு குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டான். காட்டோணும்ல."

"ஒரு நாளைக்குக் குடுத்தா உன்ற சொத்தா குறைஞ்சு போயிரும்?" என்று கேட்டேன்.

"இல்லீங்ணா, இப்பவே பவுண்டரிக்குத்தான் போறேன். அவன் உடைச்சு உருக்கற வரைக்கும் நான் பக்கத்துலயே நிக்கோணும். இல்லீன்னா இதையே பாலீஷ் போட்டுத் திரும்பக் குடுத்துருவானுங்க. ஏமாத்துற உலகமுங்ணா." விரிசல் விட்ட மூன்றையும் சுற்றிக் காரில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். பெஞ்சில் மிச்சம் இருந்த சாம்பிள் பிஸ்டனை எடுத்தான். பனியன் வேஸ்டால் எண்ணெய் போகத் துடைத்தான். பாண்டித்துரை கையில் வைத்தான்.

"காட்டறதுக்குத்தான வேணும்? இதைக் கொண்டுபோய்க் காட்டு கண்ணு. காட்டீட்டுப் பத்திரமாக் கொண்டாந்துரு."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. உதவி செய்த நிறைவு இருந்தது.

பாண்டித்துரை அதைப் புரட்டிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லாத பிஸ்டன். பிறகு அதை என் பெஞ்சில் வைத்துவிட்டு, சாயப்பட்டறை லோடு ரெடியா என்று வேல்குமாரிடம் கேட்டான்.