எமரி ஹுடாக் தெருவில் போட்ட நாற்காலி

எமரி ஹுடாக்கை அவர் வீட்டில் சம்பளத்துக்கு இரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன், வாரத்தில் ஐந்து நாள். பிட்ஸ்பர்க் எஃகு ஆலையில் முப்பத்தெட்டு வருடம் உலைக்கு முன்னால் நின்றவர். வயது எழுபத்தாறு. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. கண் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பார்வையின் நடுப்பகுதி அழிந்து ஓரம் மட்டும் மிஞ்சும் வியாதி. இரண்டு கண்ணிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இலையுதிர் காலத்துக்குள் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் வீட்டுக்கு எதிரே பழைய பொதுக் குளியலகம். வீடுகளில் குழாய் இல்லாத காலத்தில் ஆலைக்காரர்கள் குளிப்பதற்காகக் கட்டியது. ஊரையே குளிப்பாட்டிய அந்தக் கட்டடம் எண்பது வருடமாகக் குளிக்கவில்லை. ஆலைப் புகை படிந்து அடிப்பிடித்த சட்டிபோல இருந்தது. எங்கள் ஊரில் பாதிக் கட்டடங்கள் அப்படித்தான். கல்லின் நிறமே கறுப்பு என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

வாசலுக்கு மேலே ஒரு முகம் செதுக்கியிருந்தது, அதையும் புகை மூடியிருந்தது. அது தாடிக்காரக் கிழவன் என்பார் எமரி. பெண் என்பாள் அவர் மனைவி வெரோனா. நாற்பது வருடச் சண்டை. தோற்றவர், ஜெயித்தவர் சொல்லும் நிறத்தைச் சமையலறைக்கு அடிக்க வேண்டும் என்று பந்தயம் வேறு. அவள் கேட்டது மஞ்சள். ஆலையில் மிஞ்சிய சாம்பல் நிறப் பெயின்ட்டைத்தான் எமரி திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். வெரோனா இறந்து நான்கு வருடமாகியும் சமையலறை சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

அந்த மே மாதம் குளியலகத்தைக் கழுவ ஆட்கள் வந்து சாரம் கட்டினார்கள். வாசலை எப்போது கழுவுவீர்கள் என்று எமரி போய்க் கேட்டார். அழுக்குத் தண்ணீர் கீழே வழியுமாம், அதனால் மேலிருந்துதான் கழுவ வேண்டுமாம், வாசல் அக்டோபர் கடைசியிலாம். மேஸ்திரி ரீஜிஸ் கெர்ரிகன் சொன்னது இது. அன்று முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதக்கிக் கொடுத்தேன். எமரி தொடவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் ஒரு நாற்காலி குறைந்தது. அது தெருவில், குளியலக வாசலுக்கு நேரே, தண்ணீர் லாரி நிற்க வேண்டிய இடத்தில் இருந்தது. குளிர்காலத்தில் தெருப் பனியை வாரித் தன் வண்டிக்கு இடம் ஒதுக்கியவர் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால் எங்கள் ஊரில் எவனும் அதைத் தொடமாட்டான். இது மே மாதம், பனியே இல்லை. ஆனாலும் ரீஜிஸின் ஆட்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். லாரியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். மூன்று நாள் இப்படியே ஓடியது. நாற்காலியை எடுத்துவர எனக்குச் சம்பளம் இல்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை ரீஜிஸ் வந்து கதவைத் தட்டினார்.

"அந்த நாற்காலி உங்களோடதா பெரியவரே?"

"ஆமா."

"உங்ககிட்ட வண்டியே இல்லையே."

"வாங்கலாம்னு இருக்கேன்."

தூக்கி ஓரமாக வைக்க வேண்டியதுதானே என்று நான் ரீஜிஸைக் கேட்டேன்.

"எங்கம்மா அடுத்த தெருலதான் இருக்காங்க அக்கா. ஊரான் நாற்காலியத் தொட்டேன்னு தெரிஞ்சா வீட்டுப்படி ஏற விடமாட்டாங்க."

எமரி ரீஜிஸ் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "அக்டோபர்ல நீ கழுவினா, நான் தடவித்தான் பாக்கணும். அவ்வளவு ஒசரத்துக்கு எனக்குக் கை எட்டாதுப்பா."

பந்தயக் கதையை நான் சொன்னேன். ரீஜிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எந்தக் கட்டடமானாலும் முதலில் ஓர் ஓரத்தைக் கழுவிப் பார்ப்பார்களாம், கல் தாங்குகிறதா என்று. அந்தச் சோதனை இன்னும் நடக்கவில்லை. பொறியாளர் பின்சுவரில் இடம் குறித்திருந்தார். அதை வாசலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கிறேன் என்று ரீஜிஸ் போனார். பொறியாளரும் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை எமரியை நடைபாதையில் அதே நாற்காலியில் உட்காரவைத்தேன். முகத்தை நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும், இடதுபக்க விளக்குக் கம்பத்தைப் பாருங்கள், முகம் ஓரத்தில் தெரியும் என்றேன். முதலில் மையாகத் தண்ணீர் வழிந்தது. பிறகு வெண்ணெய் நிறத்தில் கல் வந்தது. தாடி கரைந்து ஓடியது. அது முகவாய்க்கு அடியில் திரண்டிருந்த புகை. உள்ளே மழமழவென்று கன்னம், தோளில் ஒரு பின்னல்.

எமரி விளக்குக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்பளதான்," என்றார் கடைசியில். "தாடி பூரா நாங்க விட்ட புகை." பிறகு என்னிடம் கேட்டார்: "மஞ்சள்ல எத்தனை வகை இருக்கும்?"

சனிக்கிழமை கடைக்குப் போனோம். வண்ண அட்டைகளைக் காதோரம் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சுவர் அடிப்பது என் வேலை இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். கீழ்ப்பாதியை எமரி அடித்தார், மேல்பாதியை ரீஜிஸ்.

டாக்டர் சொன்னது பலித்தது. வேலை முடிந்து சாரத்தைப் பிரித்த அன்று எமரிக்குக் குளியலகம் வெறும் வெளுத்த மேடாகத்தான் தெரிந்தது. சமையலறை மஞ்சள் தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியுது. சகிக்கல," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டு எங்கே என்று கேட்டார்.