கூரையில் செருகிய உப்பு டின்

இறக்கக்கண்டியில் கரைவலை இழுக்கப் போன வருடம், கருவாட்டு வாடிக் கொட்டிலின் பின்பக்கத்தில் படுக்க இடம் கிடைத்தது. அங்கே என்னோடு இருந்தவர் வலையின் முன்கயிறு பிடிப்பவர். மனைவி இறந்து போனவர், பிள்ளைகள் இல்லை. கால் வீங்கி, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். நீட்டிப் படுக்க முடியாமல் வலைக்குவியலில் சாய்ந்தபடியே தூங்குவார்.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். இருதயம் பலவீனம், அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று குளிசையும், மிசி என்கிற தாதி எழுதிய ஒரு துண்டுக் கடதாசியும் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் வாடியில் வாசிக்கத் தெரிந்தவன் வேறு யாருமில்லை. உப்புச் சேர்க்கக் கூடாது, கால் வீங்கினால் உடனே வரவேண்டும் என்று எழுதியிருந்தது.

"அதில உள்ளபடி செய் தம்பி. வலை இறக்கக்குள்ள நான் கயிறு பிடிக்க வேணும்" என்றார்.

சமையல் என் பொறுப்பு. உப்பு டின்னைக் கூரைக் கிடுகுக்குள் செருகிவிட்டேன். சோற்றிலும் உப்பில்லை, சொதியிலும் உப்பில்லை.

"மாட்டுக்கும் இப்பிடி வைக்க மாட்டாங்களடா."

"சாப்பிடுங்கோ அண்ணை. இல்லாட்டிக் கயிறில்லை."

"நீ ஆஸ்பத்திரி மிசியிலும் பொல்லாதவன்."

அந்தச் சப்பென்ற சோறு இறங்குவதற்காக வேளைக்கு ஒரு துண்டு கருவாடு சுட்டுக் கொடுத்தேன். காலையில் வள்ளத்தில் வரும் மீனைக் கீறி, கைகையாய் உப்பை அள்ளி அப்பித் தொட்டியில் அடுக்குகிறவனும் நான்தான். ஆனால் எங்களுக்குக் கருவாடு கருவாடுதான். உப்பு என்றால் டின்னில் இருப்பது.

மூன்றாம் கிழமை அவர் காலில் செருப்பு நுழையவில்லை. துண்டில் இருந்ததை ஞாபகப்படுத்தினேன்.

"முதல் வலையை இழுத்துப்போட்டுப் போவம்."

நான் வற்புறுத்தவில்லை. முதல் வலையன்று கயிற்றைத் தோளில் போடுமுன்பே மணலில் குந்திவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. மீன் லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள்?" என்று மிசி கேட்டார்.

"உப்பு ஒரு கல்லும் குடுக்கேல்லை, மிசி. சோறும் கருவாடும்தான்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "கருவாட்டை என்னத்தில போடுறனீங்கள்?"

என் விரல் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

மறுநாள் பகலில் அண்ணை போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பியபோது வாடியில் மீன் குவிந்து கிடந்தது. விட்டால் நாறிவிடும். கத்தியை எடுத்துக் கீறத் தொடங்கினேன்.