நாலு கிளிப் பாட்டு

1. ஊசி

மெட்ரிகுலேஷன் தேறியதும் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கிராமபோன் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாளே முதலாளி சொன்னார்: "தட்டு ஒரு பக்கம் ஓடுனா ஊசிய மாத்திரணும். சோம்பேறித்தனம் பட்டீங்க, தட்டு போயிரும்."

நான் பட்டேன். கல்யாண வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பாட்டு வைத்து வியாபாரம் பிடிப்பது என் வேலை. ஒரே ஊசியை நாள் முழுக்க ஓட்டியதில், நாடக ராஜபார்ட் மருதப்பா பாடிய தட்டில் கீறல் விழுந்தது.

கீரனூரில் ஒரு கல்யாணத்தில், "மாடத்துக் கிளி" என்ற இடத்தில் ஊசி சிக்கி, "கிளி கிளி கிளி கிளி" என்றது. விரலால் டொக்கென்று தட்டி நகர்த்தினேன். ஏன் பாட்டு அங்கேயே நிற்கிறது என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டார்.

"அது புதுச் சங்கதிங்க. மதராஸ்ல இப்ப இப்பிடித்தான் பாடுறாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டி ரசித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கவும் செய்தார்.

2. கூட்டம்

அதுவரை மருதப்பாவின் ரசிகர்கள் என்றால் தொடையில் தாளம் போடும் சில வக்கீல்கள்தான். அந்தக் கீறல் தட்டையே நான் ஊர் ஊராக வைத்ததில், அடுத்த நடவுக்குள் வயலில் பெண்கள் நாலு கிளியோடு பாடினார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை அதட்டவும் அதையே வைத்துக்கொண்டார்கள். நல்ல தட்டு வாங்கியவர்கள், இதில் ஒரு கிளிதான் இருக்கிறது என்று கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் அவற்றையும் ஆணியால் கீறிக் கொடுத்தேன்.

3. திருவரங்குளம்

கோயில் திருவிழாவுக்கு மருதப்பாவே நாடகம் ஆட வந்தார். திடல் கொள்ளாத கூட்டம்; நானும் அதில் இருந்தேன். நன்றாக நடந்தால் வருஷம் முழுக்க நாடகம் தருவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். மருதப்பா பாடினார். ஒரே ஒரு கிளி.

"இவன் அவன் இல்லப்பா. ஆள மாத்தி அனுப்பிட்டாய்ங்க" என்றது ஒரு குரல். பாய்களைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

மேடைக்குப் பின்னால் ஓடி, அவர் உள்ளே வந்ததும் உண்மையைச் சொன்னேன். கிரீடத்தோடு என்னையே பார்த்தார். திரும்பிப் போய் நாலு கிளி பாடி நிறுத்தினார். கூட்டம் எதற்கோ காத்திருந்தது. எனக்குப் புரிந்தது. அங்கிருந்த மரப்பெட்டியில் டொக்கென்று தட்டினேன். கைதட்டலில் திடலே அதிர்ந்தது. முன்வரிசை வக்கீல்கள் மட்டும் எழுந்து போனார்கள்.

ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

"கூட்டத்தக் கொண்டாந்தீங்க, சரி" என்றார், அரிதாரத்தைத் துடைத்தபடி. "நான் தப்பாப் பாடுனா மொகஞ்சுளிக்க அந்த நாலு பேருதான் இருந்தாங்க தம்பி. அவங்கள இனி எங்கிட்டுப் போயித் தேடுறது?"

அவர்கள் திரும்பி வரவேயில்லை. புதுக் கூட்டமோ எல்லாப் பாட்டிலும் ஊசி சிக்கியது போலப் பாடச் சொல்லிக் கேட்டது. மருதப்பா கடைசிவரை அப்படியே பாடினார். டொக் தட்டச் சம்பளத்துக்கு ஓர் ஆளும் வைத்துக்கொண்டார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று கீரனூரிலேயே ஒத்துக்கொண்டிருந்தால், ஒரு தட்டோடு போயிருக்கும்.