குருசடியைச் சுற்றிப் போன கேபிள்

அந்த ஐஸ் பிளாண்டுக்குக் கேபிள் போட்ட பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ‘அந்தக் கேபிளையே கல்யாணம் கட்டியிருக்கலாமே’ என்று என் மனைவி குத்திக்காட்டினாள். வடசேரியில் நான் எலக்ட்ரிக்கல் காண்டிராக்டர். பிளாண்ட் இருந்தது மணவாளக்குறிச்சியைத் தாண்டிக் கடற்கரையில்.

பழையதோடு புதிதாக இன்னொரு கம்ப்ரஸர் வாங்கியிருந்தார்கள். மீட்டர் அறையிலிருந்து பேனல் அறைக்குக் கரண்ட் போக, காங்கிரீட் தரைக்கு அடியில் பழைய இரும்புப் பைப்புகள் இரண்டுதான் உண்டு. புது லோடுக்கு வேண்டிய தடித்த கேபிள் இரண்டிலும் நுழையாது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலில் இறங்கும் நேரத்தில் தரையை உடைக்க உரிமையாளர் அக்கா சம்மதிக்கவில்லை. ஆகவே ஒன்றுக்குப் பதில் இரண்டு மெலிந்த கேபிள்களை இணையாக இழுத்தேன். ஒவ்வொரு பைப்பிலும் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். உள்ளே நெருங்கிக் கிடந்தால் சூடு வெளியேறாது. அதையும் கழித்துக் கணக்குப் போட்டால் மயிரிழைதான் மிச்சம். லோடு சரிபாதியாகப் பிரிந்தால் தாங்கும். ஒரு பக்கம் கூட இழுத்தால் அது வெந்துபோகும்.

சரிபாதியாகப் பிரிய இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். வம்பே அங்கேதான். ஒரு பைப் நேராகப் போனது. மற்றது முற்றத்தில் நிற்கும் குருசடியைச் சுற்றிப் போனது. சிலுவைக்கு அடியில் தோண்ட அன்று யாருக்கும் துணிச்சல் வரவில்லை போலும். நேராக வந்த கேபிளின் மிச்ச நீளத்தை வெட்டாமல், பேனல் அறைச் சுவரில் வளையமாகச் சுற்றிக் கட்டினேன்.

“இத ஆரும் தொடப்பிடாது அக்கா. தொட்டா தீப்பிடிக்கும்.”

“செரி மக்கா” என்றார்.

அந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆப்பரேட்டர் என் தங்கை மாப்பிள்ளை. தினமும் போன் போட்டு, பைப் சுடுகிறதா என்று கேட்பேன். “ஒண்ணும் இல்ல மச்சான்” என்பான். போனை வைத்ததும் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பேன்.

குருசடித் திருவிழாவுக்கு அக்கா என்னை அழைத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். குருசடியில் வரிசையாக சீரியல் லைட். அதற்குக் கரண்ட் கொண்டுவந்திருந்த ஒயரைப் பார்த்ததும் கிட்டப் போய்க் குனிந்தேன். சீரியல் லைட்டுக்கு யாராவது கை விரல் தடிமனில் கேபிள் போடுவார்களா? அது என் கேபிள்.

பேனல் அறைக்கு ஓடினேன். சுவரில் வளையம் இல்லை; வெட்டிய முனையை நேராகப் பேனலில் பூட்டியிருந்தார்கள். கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தால், நேர்க் கேபிள் தன் சக்திக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. புதுக் கம்ப்ரஸரை உடனே நிறுத்தினேன். சத்தம் நின்றதும், பட்டுச்சேலையோடு அக்கா வந்துவிட்டார்.

“அக்கா, ஆரு வெட்டினா?” கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு ஆள் தெரியாது.

“சும்மா சுருண்டு கெடந்ததத்தானே வெட்டச் சொன்னேன்? எனக்க வீட்டுக்கா கொண்டு போனேன்? குருசடிக்கல்லா போட்டிருக்கு!”

“ஒரு கேபிள் நீளம் கட்டையானா அது கூடுதல் கரண்ட் இழுக்கும். பைப்பத் தொட்டுப் பாருங்க.”

தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார். “திங்கக்கெழம போட்டெல்லாம் ஐசுக்கு வந்து நிக்குமே மக்கா” என்று கெஞ்சினார். பழைய கம்ப்ரஸர் மட்டும் ஓடட்டும், பாதி ஐஸ்தான், நேர்ப் பைப்புக்குப் புதுக் கேபிள் இழுக்கும்வரை வேறு வழியில்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் அறையில் கரிந்த வாடை அடிப்பது எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

“ஒனக்கு மணக்கலியா மாப்ள?”

“மூணு நாளா மணக்கு மச்சான்.”

“பொறவு ஏன் போன்ல ஒண்ணும் இல்லன்ன?”

“சொன்னா நீங்க வந்து நிறுத்திப்போடுவிய. ஐஸ் இல்லன்னா போட்டுக்காரனுவ எனக்க சட்டையத்தான் பிடிப்பானுவ.” கொஞ்சம் தயங்கிவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னான்: “நான் ஒண்ணும் கவனமில்லாம இல்ல மச்சான். கசேரிய வாசப்பக்கம் இழுத்துப் போட்டுத்தான் இருந்தேன்.”

நாற்காலி பேனலிலிருந்து நான்கடி தள்ளிக் கிடந்தது. அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.