ஈரச் சப்பாத்தில் பேஸ் எங்கை?

"பேஸ் எங்கை? எனக்கு ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ, பேஸ் எங்கை?"

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இந்தக் கேள்வியைக் கேட்டிராத ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். கேட்பவர் தவரத்தினம், மரக்கறிக் கடையில் வேலை. கேட்கப்படுவது, பாட்டின் அடியில் முழங்க வேண்டிய பேஸ் கிற்றாரைக் காணாத ‘ஈரச் சப்பாத்து’ என்ற பாட்டுத் தொகுப்பைப் பற்றி. தொண்ணூற்றேழில் ‘இரும்புப் படலை’ என்ற தமிழ் ரொக் குழு போட்டது அது. பாரிஸில் கலியாணம் கட்டிய, வீடு மாறிய, விசா கிடைக்காமல் அழுத அத்தனை தமிழருக்கும் அதில் ஒரு பாட்டாவது பாடம். தவரத்தினத்துக்கு எல்லாமே பாடம். பிடிக்காது, ஆனால் பாடம்.

கேட்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். முதலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பிறகு கையில் எது இருக்கிறதோ அதைத் தூக்கிப் பார்ப்பார். பீற்றூட் பெட்டியைத் தூக்கி, "இதுக்குக் கீழை இல்லை." முருங்கைக்காய்க் கட்டைப் பிரித்து, "இதுக்குள்ளையும் இல்லை." வாங்க வந்த பெண் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். புறநகர்த் திரான்சியில் பிறந்து, தமிழில் சேர்ந்தாற்போல் மூன்று சொல் பேசத் தெரியாத பெடியன்கள்கூட மெத்ரோ வாசலில் நின்று கண்ணாடியை ஏற்றுவது போல விரலை நெற்றிக்குக் கொண்டுபோய், "பே...ஸ் எங்ங்கை?" என்பார்கள். அந்த இழுவை அச்சொட்டாக இருக்கும்.

இதில் பொறாமை கலந்திருந்தது என்பதைத் தவரத்தினத்தைத் தவிர எல்லாரும் அறிவார்கள். அந்த நாளில் லாச்சப்பலில் இரண்டு ரொக் குழுக்கள் இருந்தன. ஒன்று இரும்புப் படலை. மற்றது ‘சன்னதம்’. சன்னதத்தில் பேஸ் கிற்றார் வாசித்தவர் தவரத்தினம்.

வந்த புதிதில் ஸ்டாலின்கிராட் பக்கத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அங்கே இறைச்சி வெட்டிய யானிக் என்ற பிரெஞ்சுக்காரன்தான் தன் பழைய பேஸ் கிற்றாரை அவர் தலையில் கட்டியவன். இந்த நகரத்தில் எல்லாரும் முன்னால் நின்று கிற்றார் அடிக்கிறார்கள், பின்னால் நின்று பேஸ் வாசிக்கத்தான் ஆளில்லை என்றான் யானிக். பின்னால் நிற்பது தவரத்தினத்துக்குப் புதிதல்ல. கோப்பை கழுவுகிற நாலு பேர் சேர்ந்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து கடை பூட்டிய பிறகு நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே பழகினார்கள். ‘ஒன்பதாம் மாடி’ என்று ஒரு கசெற் வெளியிட்டார்கள். அதோடு ட்ரம்ஸ்காரர் லண்டனுக்குப் போனார், பாடுகிறவர் கனடாவுக்குப் போனார், மற்றவர் புறநகரான பொண்டியில் கார் ஓட்டப் பழக்குகிற கடை திறந்தார்.

மிஞ்சியது ஒரு பேஸ் கிற்றார். அதைத் தனியே வாசித்துப் பாருங்கள், யாரோ பக்கத்து அறையில் நல்ல பாட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும். மனைவி புனிதவதி அதைத்தான் வேறு விதமாகச் சொன்னாள்: "பிறிட்ஜ் பழுதாப் போச்செண்டு நினைச்சுக் கதவைத் திறந்து பாத்தனான்." அன்றைக்கு அது அலுமாரிக்கு மேலே ஏறியது. அதற்குப் பிறகு தவரத்தினத்திடம் வாசிக்க இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதைத்தான் இத்தனை வருடமும் வாசித்தார்.

எதிர்ப்பக்கமும் வாயில்லாத பக்கமல்ல. இரும்புப் படலையின் பாடகர் ஐங்கரன் இப்போது ஒரு கந்தோரில் கணக்குப் பார்க்கிறார், வெயில் காலத்திலும் கழுத்தில் சால்வை. ரூபிகா நடத்தும் இணைய வானொலியில் அவரிடம் ‘ஒன்பதாம் மாடி’ பற்றிக் கேட்டபோது, தொண்டையைச் செருமி, மெதுவாக, செத்தவீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "மரக்கறிப் பெட்டி இறக்கிற சத்தம் கேட்டிருப்பியள். அதை ஒலிப்பதிவு செய்து, அதுக்கு ட்ரம்ஸ் எண்டு பேர் வைச்சவை. நல்ல முயற்சி."

ரூபிகாவுக்கு இது அல்வா. அடுத்த கிழமையே தவரத்தினத்தைக் கூப்பிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தினாள்.

"அண்ணை, ஐங்கரன் அண்ணை சொன்னது கேட்டனீங்களோ?"

"கேட்டனான் பிள்ளை. பெட்டி இறக்கினாலும் சத்தம் கேட்டுதெல்லோ? அவற்றை சப்பாத்திலை பேஸ் எங்கை? ஈரச் சப்பாத்து எண்டு பேர் வைச்சால், அது தரையிலை பட்டு ஒரு சத்தம் வரவேணும். இது வெறுங்கால்."

"உண்மையா ஒரு சொட்டும் இல்லையோ அண்ணை?"

"ஒரு சொட்டு இருந்தால், மேடையிலை ஏறி எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன். எழுதி வைச்சுக்கொள்ளும்."

ரூபிகா எழுதவில்லை. எல்லாம் பதிவாகிக்கொண்டுதானே இருந்தது. நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் இல்லாத இடத்திலெல்லாம் அந்த வசனத்தைப் போட்டாள்.

போன மாரிக்குப் பிறகுதான் சங்கதி மாறியது. ‘ஈரச் சப்பாத்து’ முழுவதையும் பொண்டியில் ஒரு மண்டபத்தில் மேடையேற்றுவதென்று ஐங்கரன் முடிவெடுத்தார். அவருடைய பேஸ்காரர் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவில். ஒரு காலை, தவரத்தினம் புடலங்காய் அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"ஐசே தவம், ஐங்கரன் கதைக்கிறன். பேஸ் வாசிக்க ஆள் வேணும்."

"உம்மடை தொகுப்புக்கோ? இல்லாத பேஸை எப்பிடி ஐசே வாசிக்கிறது?"

"இல்லையெண்டால் நல்லதுதானே, உமக்கு வேலை குறைவு. வாறீரோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

யோசித்தது வாய் மட்டும்தான். இடக்கை புடலங்காயின் கழுத்தைப் பிடித்திருந்தது, வலக்கை விரல்கள் அதன் வயிற்றில் நடந்துகொண்டிருந்தன. மேடை! பின்னால் நிற்கிற இடமென்றாலும் மேடை. அலுமாரிக்கு மேலே கிடப்பதை இறக்க அவருக்கு இனி வேறொரு சாட்டுக் கிடைக்கப் போவதில்லை. பின்னேரம் தொலைபேசி எடுத்து ஓமென்றார். "உம்மடை குறையை நிரப்பி விடுறன்" என்றும் சொல்லிவைத்தார்.

பழகுவதற்கென்று ஐங்கரன் பாட்டுகளை அனுப்பினார். ஒலிப்பதிவு கூடத்தில் எடுத்த மூலப்பதிவு. சனிக்கிழமை காலை தவரத்தினம் குசினி மேசையில் இருந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். எதிரே புனிதவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதல் பாட்டுத் தொடங்கியதும் அவருடைய முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமோ?"

"பேஸ் இருக்கு."

"எங்கை?" என்றாள் புனிதவதி, பழக்கத்தில்.

இருந்தது. கொழுத்த, சூடான, அவசரமில்லாத பேஸ். மாடிப்படியில் யாரோ ஒருவர் கனமாக இறங்கி வந்து, பாட்டுக்குக் கதவைத் திறந்து விடுவது போல. இரண்டாம் பாட்டில் அது ஒரு இடத்தில் நின்று, பிறகு திரும்பி வந்தபோது தவரத்தினத்துக்கு மயிர் சிலிர்த்தது. உடனே கோபம் வந்தது.

"இப்ப புதுசா அடிச்சு ஏத்தியிருக்கிறாங்கள்! கள்ளங்கள்! நான் கேட்ட கசெற்றிலை இது இல்லை!"

புனிதவதி கத்தியைக் கீழே வைத்தாள். வெங்காயத்தில் வந்த கண்ணீரைத் துடைத்தாளா, சிரிப்பில் வந்ததைத் துடைத்தாளா என்று தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ, அந்தக் கசெற்றை அடிச்சது ஆர்?"

அடித்தவர் அவர்தான். அந்த நாளில் இரவில் கோப்பை கழுவி, பகலில் கசெற் கடையில் நின்றார். வெறும் கசெற்றைக் கொண்டுவந்து கொடுத்தால் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. புனிதவதி அப்போது பக்கத்துச் சேலைக் கடையில். ஐங்கரன் தன் தொகுப்பின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து, ஊரெல்லாம் போகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். எதிரியின் பாட்டை நாள் முழுக்க இருந்து பிரதி எடுக்கிற தலைவிதி தவரத்தினத்துக்கு. லாச்சப்பலில் இருந்த கசெற் எல்லாம் அவர் கையால் போனவை. பிறகு இணையத்தில் ஏறியதும் அந்தக் கசெற்றுகளில் ஒன்றுதான்.

"உங்கடை பெட்டியிலை பதியிற ஓட்டை பழுதெண்டு, ஹெட்ஃபோன் ஓட்டையாலை வயர் இழுத்தனீங்கள்."

"ஓம், அதுக்கென்ன?"

"அந்த வயராலை போறது, நீங்கள் பேஸ் குமிழைத் திருகிறபடிதானே கசெற்றிலை பதியும்?"

 தவரத்தினத்துக்கு மேல்வீட்டு ஜெர்மேன் ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். கசெற் கடைக்கு மேலே குடிவந்த கிழவி. பேஸ் அடித்தால் அவளுடைய அலுமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் ஆடும். தும்புத்தடியால் தரையில் குத்துவாள், பிறகு ஜன்னலால் தலையை நீட்டி, "மெஸியே! பூம் பூம்! பூம் பூம்!" என்று தெருவே பார்க்கக் கத்துவாள். பொறுக்க முடியாத ஒரு நாள் தவரத்தினம் பேஸ் குமிழை இடப்பக்கம் முழுவதும் திருகி, அது திரும்பாதபடி ஒட்டுநாடாவும் ஒட்டினார். ‘ஒன்பதாம் மாடி’ வந்தபோது மேல்வீடு காலி. ‘ஈரச் சப்பாத்து’ வந்தபோது ஜெர்மேன் இருந்தாள்.

"ஆக, இவ்வளவு காலமும் நீங்கள் உங்களைத்தான் ஏசினனீங்கள்" என்று புனிதவதி மறுபடி கத்தியை எடுத்தாள்.

"இஞ்சாரும், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"நான் ஆருக்கப்பா சொல்லப்போறன்?"

திரான்சியில் இருக்கிற அக்காவுக்கு மட்டும் சொன்னாள். அக்காவும் ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னாளாம். செவ்வாய்க்கிழமை தவரத்தினம் கடை திறக்கிறபோது, எதிரே மீன் வெட்டுகிறவர் கத்தியை வைத்துவிட்டு, இரண்டு விரலால் காற்றில் எதையோ இடப்பக்கமாகத் திருகிக் காட்டினார். மத்தியானத்துக்குள் மெத்ரோ வாசல் பெடியன்களும் பழசை விட்டுவிட்டுத் திருகத் தொடங்கியிருந்தார்கள். ரூபிகா வானொலியில் அந்த மன்னிப்பு வசனத்தைப் போட்டாள். முடிய, "மெஸியே! பூம் பூம்!" என்று கிழவிக் குரலில் தானே கத்தினாள்.

தவரத்தினம் ஐங்கரனுக்கு எடுத்தார்.

"ஐசே, என்னாலை வரேலாது. நாரி நோகுது, நிமிரேலாமல் கிடக்கு."

"நாரியோ, குமிழோ?"

  மறுபக்கம் ஐங்கரன் சிரித்து முடிக்கிறவரைக்கும் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்திருக்கிறார் போலிருந்தது.

"கேளும் தவம். நான் சிரிக்கிறதுக்கு உம்மைக் கூப்பிடேல்லை. சரி, சிரிக்கிறதுக்கும்தான். ஆனா அந்தப் பாட்டுகளை உம்மளவுக்குக் கேட்டவன் உலகத்திலை இல்லை. நான்கூட உவ்வளவு கேக்கேல்லை. வேறை ஆளைப் பிடிச்சால் நான் முதலிலை இருந்து பாடிக் காட்டவேணும். வாரும் ஐசே."

"வந்தால் மன்னிப்புக் கேக்கச் சொல்லுவாள் அந்தப் பிள்ளை."

"கேட்டால் என்ன, வாய் தேயுமோ?"

தேயும் என்றுதான் தவரத்தினம் நினைத்தார். அந்த ஒரு கேள்வியால்தான், கொஞ்சக் காலமென்றாலும் அவரும் இசைக்காரராக இருந்தவர் என்று ஊர் ஞாபகம் வைத்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் மிச்சம் மரக்கறி. கொடுக்காவிட்டால் மேடை இல்லை. இரண்டு நாள் கடையில் பெட்டி எதையும் தூக்கிப் பார்க்கவில்லை, வந்தவர்கள் தாங்களே நிறுத்து, தாங்களே விலை பார்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் புனிதவதி கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து கிற்றாரை இறக்கி, தூசியைத் தட்டி, அவருடைய மடியில் வைத்தாள்.

"பிறிட்ஜ் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்செண்டு கிடக்கு" என்றாள்.

ஞாயிறு பின்னேரம் பொண்டி மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் றோல்ஸும் தேத்தண்ணியும், உள்ளே கதிரைகளுக்கிடையில் பிள்ளைகள் ஓட்டம். தவரத்தினம் மேடைக்குப் பின்பக்கம், ட்ரம்ஸுக்கு அருகே போய் நின்றார். அவர் தலை தெரிந்ததும் மண்டபம் ஒரே குரலில் கேட்டது:

"பேஸ் எங்கை?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்து கம்பியைத் தொட்டார். முதல் சுரத்துக்கே முன்வரிசையில் தேத்தண்ணிக் கோப்பைகள் ஆடின. பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஐங்கரன் சால்வையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாடினார். இரண்டாம் பாட்டில் பேஸ் நின்று திரும்பி வருகிற அந்த இடத்தில், தவரத்தினம் மூலப்பதிவில் இருந்ததைவிட ஒரு மூச்சு கூடுதலாகக் காக்கவைத்தார். ஐங்கரன் திரும்பிப் பார்த்தார், கண்ணால் ‘வாரும் ஐசே’ என்றார். அதற்குப் பிறகே பேஸ் வந்தது. மண்டபம் எழுந்து நின்றது.

கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் ஓயுமுன்னமே ரூபிகா ஒலிவாங்கியோடு மேடைக்கு ஓடிவந்தாள். மண்டபத்து ஒலிபெருக்கியில் தவரத்தினத்தின் குரல் கேட்டது: "ஒரு சொட்டு இருந்தால், மேடையிலை ஏறி எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன்."

"அண்ணை, மேடை இஞ்சை. எல்லாரும் இஞ்சை. ஒரு சொட்டில்லை, வெள்ளமே வந்திட்டுது. என்ன செய்யப்போறியள்?"

சனம் சிரித்தது. முன்வரிசையில் புனிதவதி இரண்டு விரலால் குமிழைத் திருகிக் காட்டினாள், இந்த முறை வலப்பக்கமாக. ஐங்கரன் கையைக் கட்டிக்கொண்டு மகா பெருந்தன்மையாக நின்றார். தவரத்தினம் ஒலிவாங்கியை வாங்கி, வேர்வையைத் துடைத்து, ஒரு தரம் இருமிவிட்டுச் சொன்னார்:

"மன்னிப்புத்தானே, கேக்கிறன். மேல்வீட்டு ஜெர்மேன் அம்மாட்டைக் கேக்கிறன், ஏனெண்டால் எங்கடை பெட்டியிலை பேஸ் இருக்கெண்டு லாச்சப்பலிலை முதன்முதல் கேட்டுச் சொன்னது அந்த மனிசி ஒராள்தான், நாங்கள்தான் நம்பேல்லை. ஐங்கரன், உம்மட்டை மன்னிப்பில்லை, கேள்விதான் இருக்கு. பேஸ் இருக்கு, ஓம், இண்டைக்கு என்ரை கையாலையே வாசிச்சனான், சனம் முழுக்கக் கேட்டுது. இப்ப நீர் சொல்லும் ஐசே, பாட்டு எங்கை? எனக்கு ஒருக்கா எடுத்துக் காட்டும், பாட்டு எங்கை?"